விம்மில் நிரல் உலாவி: சீடேக்ஸும் டேக்பாரும் பொருத்தும் முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் மடிக்கணனியோடு வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி தகப்பனின் நெல் வியாபாரத்துக்குப் பைதனில் ஒரு கணக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். பதினொரு கோப்பு சேர்ந்ததும் 'கழிவு' என்ற ஃபங்ஷன் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. நெல்லின் ஈரப்பதத்துக்காக மூட்டைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பார்க்கும் ஃபங்ஷன் அது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தாள். டேக்பார் போட்டுப் பார் என்றேன். அடுத்த நாள் வந்து, "அண்ணா, பக்கத்தில பட்டியல் வருது, ஆனா ஃபங்ஷனுக்குப் பாயச் சொன்னா மாட்டன் எண்டுது" என்றாள்.

புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இங்கே வேலைகள் இரண்டு இருக்கின்றன. திறந்திருக்கும் கோப்பில் என்னென்ன ஃபங்ஷன், கிளாஸ் இருக்கின்றன என்று பக்கவாட்டில் காட்டுவது டேக்பார். விம் என்ற எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல், அதாவது பிளகின் அது. வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷனுக்கு ஒரே தட்டில் பாய்வது விம்முக்குள்ளேயே இருக்கும் வசதி. அதற்கு 'டேக்ஸ்' என்ற அட்டவணைக் கோப்பு வேண்டும். டேக்பார் அந்தக் கோப்பை உருவாக்காது, வாசிக்கவும் வாசிக்காது. இரண்டுக்கும் பின்னால் நின்று, எந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொடுப்பது சீடேக்ஸ் என்ற ஒரே கருவி.

அதனால் வரிசை முக்கியம். முதலில் சீடேக்ஸ், பிறகு அட்டவணைக் கோப்பு, பிறகு வெறும் விம்மில் பாய்ந்து பார்ப்பது, கடைசியில்தான் டேக்பார். பிளகினை முதலில் போட்டுவிட்டால், ஏதாவது ஓடாதபோது பிழை எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

கட்டளைகளை நான் தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பதுபோல ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். குறிகளை இங்கே உள்ளபடியே போடுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உபுண்டு அல்லது டெபியன் வழிவந்த லினக்ஸ் ஒன்று, விம் எட்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது, இரண்டு மூன்று கோப்பாவது உள்ள ஒரு புரொஜெக்ட். பிளகின்களை அவற்றுக்குரிய கோப்புறையில் வைத்தாலே தானாக எடுத்துக்கொள்ளும் வசதி 2016இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் விம்முக்குள் சேர்ந்தது. அதற்கு முந்தியது என்றால் இந்த வழிகாட்டியின் ஐந்தாம் படி பொருந்தாது.

உபுண்டு போட்ட கையோடு 'வி' என்று தட்டினால் ஒரு எடிட்டர் திறக்கும். அது விம்மின் மிகச் சிறிய வடிவம். அதில் ஸ்கிரிப்ட் ஓட்டும் பகுதியே இல்லை, ஆகவே எந்தப் பிளகினும் அதில் ஓடாது. முழு விம்மைத் தனியாக நிறுவ வேண்டும்:

சூடூ ஆப்ட் இன்ஸ்டால் விம் யுனிவர்சல்-சீடேக்ஸ்

நிறுவிய பிறகு இதைத் தட்டுங்கள்:

விம் --வேர்ஷன்

வரும் நீண்ட பட்டியலில் 'ஈவல்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் சரி. கழித்தல் குறி இருந்தால் இன்னும் அந்தச் சிறிய விம்தான் ஓடுகிறது.

2. இணையம் இல்லாத கணனிக்கு எடுத்துப் போவது

துணுக்காய், மல்லாவிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பலர் கைப்பேசி டேட்டாவை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரு கணனியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும். நல்ல இணைப்புள்ள கணனியில் மேலே சொன்ன நிறுவும் கட்டளையில் 'இன்ஸ்டால்' என்ற சொல்லுக்குப் பிறகு '--டவுன்லோட்-ஒன்லி' என்று சேருங்கள். நிறுவாமல் இறக்கி மட்டும் வைக்கும். கோப்புகள் /வார்/காஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும்.

இதில் இரண்டு பொறி உண்டு. இறக்கும் கணனியில் விம் ஏற்கெனவே இருந்தால் அது இறங்காது. சீடேக்ஸ் சார்ந்திருக்கும் துணைப் பொதிகளில் அங்கே ஏற்கெனவே உள்ளவையும் இறங்காது. உங்கள் கணனியில் அவை இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நிற்கும். புதிதாக உபுண்டு போட்ட, அதே பதிப்பு எண் உள்ள கணனியில் இறக்குவதே பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக நிறுவாதீர்கள். ஒன்று மற்றொன்றைக் கேட்டு மறுக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, அங்கே நின்றுகொண்டு ஒரே கட்டளையில் கொடுங்கள்:

சூடூ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப்

எது முதலில், எது பிறகு என்பதை ஆப்ட் தானே பார்த்துக்கொள்ளும்.

3. சரியான சீடேக்ஸ்தானா என்று பார்ப்பது

சீடேக்ஸ் --வேர்ஷன்

முதல் வரியில் 'யுனிவர்சல் சீடேக்ஸ்' என்று வர வேண்டும். ஒரே பெயரில் பல கருவிகள் உலாவுவதால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய 'எக்ஸுபரன்ட் சீடேக்ஸ்' 2009இல் வந்த பதிப்போடு நின்றுவிட்டது. புதிய மொழிகள் பலவற்றை அதற்குத் தெரியாது. ஈமாக்ஸ் என்ற எடிட்டரை நிறுவியிருந்தால் அதுவும் தன் சொந்த சீடேக்ஸைக் கொண்டுவந்து அதே பெயரில் வைத்திருக்கும். டேக்பாருக்கு அது ஒத்துவராது.

முதல் வரியில் ஈமாக்ஸ் என்று வந்தால் இதைத் தட்டி, வரும் பட்டியலில் யுனிவர்சலைத் தேர்ந்தெடுங்கள்:

சூடூ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கொன்ஃபிக் சீடேக்ஸ்

4. அட்டவணையை உருவாக்கி வெறும் விம்மில் பாய்ந்து பார்ப்பது

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

டெர்மினலில் புரொஜெக்டின் தலைக் கோப்புறைக்குப் போங்கள். அங்கே:

சீடேக்ஸ் -ஆர் .

ஆர் பெரிய எழுத்து. உள்ளே உள்ள கோப்புறைகள் எல்லாவற்றுக்கும் இறங்கிப் போ என்பது அதன் பொருள். கடைசியில் உள்ள புள்ளி 'இந்த இடத்திலிருந்து' என்று சொல்கிறது. ஒரு நொடியில் 'டேக்ஸ்' என்ற கோப்பு உருவாகும்.

வீட்டுக் கோப்புறையில் (ஹோம்) நின்றுகொண்டு இதைத் தட்டாதீர்கள். படம், பாட்டு, பழைய பாடவேலை என்று அந்தக் கோப்புறை முழுவதையும் துழாவும். அதைவிடக் கேடு, அங்கே உருவான டேக்ஸ் கோப்பு அப்படியே கிடந்து பிற்பாடு குழப்பும். இந்தப் புரொஜெக்டில் இல்லாத பெயருக்கு விம் வேறெங்கோ ஒரு கோப்பில் போய் நிற்கும்.

அடுத்த பிழை, வாங்கிப் போட்ட லைப்ரரிகளையும் சேர்த்து அட்டவணைப்படுத்துவது. பைதனில் 'வென்வ்' கோப்புறை, ஜாவாஸ்கிரிப்டில் 'நோட்_மொடியூல்ஸ்' கோப்புறை. இவற்றை விலக்காவிட்டால் 'சேமி' என்று நீங்கள் எழுதிய சின்ன ஃபங்ஷனைத் தேடும்போது யாரோ எழுதிய லைப்ரரிக்குள் போய் விழுவீர்கள். விலக்கும் விதம்:

சீடேக்ஸ் -ஆர் --எக்ஸ்க்ளூட்=வென்வ் .

ஒவ்வொரு தடவையும் இதைத் தட்டாமல் இருக்க, புரொஜெக்டுக்குள் '.சீடேக்ஸ்.டி' என்று ஒரு கோப்புறை (கடைசி டி 'டெபியன்' என்பதன் முதல் எழுத்து), அதற்குள் '.சீடேக்ஸ்' என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு. அதில் வரிக்கு ஒரு விருப்பமாக எழுதி வையுங்கள். வீட்டுக் கோப்புறையில் '.சீடேக்ஸ்' என்ற ஒற்றைக் கோப்பில் எழுதச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறையக் கிடக்கின்றன. யுனிவர்சல் அந்தக் கோப்பை வாசிக்காது. எழுதியது ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் போகும்.

இப்போது உருவான டேக்ஸ் கோப்பை விம்மில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு வரியில் முதலில் பெயர், பிறகு கோப்பின் பெயர், பிறகு இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே அந்த ஃபங்ஷன் தொடங்கும் வரி அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளையின் புரொஜெக்டில் 'கழிவு', பக்கத்தில் 'கொள்வனவு.பை', அதற்குப் பக்கத்தில் 'டெஃப் கழிவு' என்று தொடங்கும் முழு வரி. அவள் அதைப் பார்த்ததும், "ஓ, இது புத்தகத்துக்குப் பின்னால இருக்கிற சொல்லடைவு மாதிரி" என்றாள். அதேதான்.

வரி எண்ணுக்குப் பதிலாக வரியின் எழுத்தையே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மேலே பத்து வரி புதிதாகச் சேர்த்தாலும் அந்த எழுத்தைத் தேடிச் சரியான இடத்துக்குப் போய்விடும். ஆனால் அந்த வரியையே மாற்றினால், உதாரணமாக அடைப்புக்குள் இன்னொரு மாறியைச் சேர்த்தால், தேடல் தடுமாறும். அப்போது ஈ434 அல்லது ஈ435 என்ற செய்தி வரும். அட்டவணை பழசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாய்ந்து பார்ப்போம். தலைக் கோப்புறையில் நின்றபடியே விம்மில் ஒரு கோப்பைத் திறந்து, 'கழிவு' என்று அழைக்கும் இடத்தில் கர்சரை வையுங்கள். கன்ட்ரோல் விசையோடு ] தட்டுங்கள். அது எழுதப்பட்ட இடத்துக்குப் போவீர்கள். கன்ட்ரோலோடு டி ('டேக்ஸ்' என்பதன் முதல் எழுத்து) தட்டினால் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவீர்கள். திரும்பும் விசையை முதல் நாளே கைக்குப் பழக்குங்கள். போகத் தெரிந்து வரத் தெரியாதவர்கள் இரண்டு நாளில் இந்த வசதியையே விட்டுவிடுகிறார்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் விம் தனக்குப் பொருத்தமாகப் பட்ட ஒன்றுக்குப் போய்விடும். முதலில் ஜி, பிறகு கன்ட்ரோலோடு ] என்று தட்டினால் பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். நான் எப்போதும் இதைத்தான் தட்டுகிறேன். ஒன்றே ஒன்று இருந்தால் கேட்காமல் நேரே போய்விடும், நட்டமில்லை.

பாயவில்லையா? வரும் செய்தியின் எண்ணைப் பாருங்கள். ஈ433 என்றால் டேக்ஸ் கோப்பே அகப்படவில்லை. ஈ426 என்றால் கோப்பு இருக்கிறது, அதில் இந்தப் பெயர் இல்லை. ஈ37 என்றால் அட்டவணையில் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கோப்பில் செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் வேறு கோப்புக்குப் போக விம் மறுக்கிறது, அவ்வளவுதான். ஈ37ஐப் பார்த்துவிட்டு சீடேக்ஸைக் கழற்றி மறுபடி நிறுவியவர்களை நான் கண்டிருக்கிறேன். செய்தியை முழுதாக வாசியுங்கள்.

எந்தச் செய்தியும் வராமல், தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், தமிழ் விசைப்பலகை போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். ரெங்கநாதன் விசைப்பலகையில் குறிப்பு எழுதிவிட்டு அப்படியே விம்முக்கு வருகிற நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

இப்போது வீட்டுக் கோப்புறையில் உள்ள '.விம்ஆர்சி' என்ற அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேருங்கள்:

செட் டேக்ஸ்=./டேக்ஸ்;,டேக்ஸ்
செட் ஹிடன்

முதல் வரியில் உள்ள அரைப்புள்ளிதான் காரியம் பார்க்கிறது. திறந்திருக்கும் கோப்பு இருக்கும் கோப்புறையில் டேக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் பார் என்று அது சொல்கிறது. அது இல்லாமல் உட்கோப்புறையில் நின்று விம்மைத் திறந்தால் ஈ433தான் வரும். சமக்குறிக்குப் பிறகும் காற்புள்ளிக்குப் பிறகும் இடைவெளி விடாதீர்கள். இரண்டாவது வரி, சேமிக்காத கோப்பைப் பின்னால் வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போக அனுமதிக்கிறது. ஈ37 தொல்லை அதோடு தீரும்.

விம்மை மூடித் திறந்து, உட்கோப்புறையிலிருந்தும் பாய முடிகிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் கீழே போங்கள்.

5. டேக்பாரை உரிய இடத்தில் வைப்பது

முதலில் கோப்புறை. வீட்டுக் கோப்புறையில்:

எம்கேடிர் -பி ~/.விம்/பெக்/என்னுடையவை/ஸ்டார்ட்

'என்னுடையவை' என்ற இடத்தில் நீங்கள் விரும்பிய எந்தப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைக்கலாம். 'பெக்' ('பெக்கேஜ்' என்ற சொல்லின் முதல் நாலு எழுத்து), 'ஸ்டார்ட்' இரண்டையும் மாற்றக்கூடாது. கட்டளையில் உள்ள பி 'பைதன்' என்பதன் முதல் எழுத்து. விம் அந்தப் பெயர்களைத்தான் தேடுகிறது.

கிட்ஹப்பில் 'பிரிசர்விம்' என்ற கணக்கின் கீழ் டேக்பார் இருக்கிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' என்ற கருவி இருந்தால், குளோன் (நகல் இறக்க) செய்யும்போது '--டெப்த் 1' சேருங்கள். பழைய மாற்றங்களின் வரலாறு முழுவதும் இறங்காது, டேட்டா மிஞ்சும். கிட் இல்லாவிட்டால் ஸிப் கோப்பாக இறக்கலாம். ஆனால் விரித்த பிறகு உள்ளே பாருங்கள். சில மென்பொருள்கள் 'டேக்பார்-மாஸ்டர்' என்ற கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறையைப் போட்டு விரிக்கும். விம் ஸ்டார்ட்டுக்குக் கீழே ஒரே ஒரு படிதான் இறங்கும். டேக்பார் கோப்புறையைத் திறந்தவுடன் 'பிளகின்', 'ஆட்டோலோட்', 'டொக்' மூன்றும் கண்ணில் பட வேண்டும். இன்னொரு கோப்புறை மட்டும் தெரிந்தால் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

விம்மைத் திறந்து இதைத் தட்டுங்கள். இரண்டு டி-யும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை:

:டேக்பார்டாகிள்

வலப்பக்கத்தில் பட்டியல் திறந்தால் சரி. ஈ492 என்று வந்தால் விம்முக்கு அந்தக் கட்டளையே தெரியவில்லை. ஒன்று, கோப்புறை தவறான இடத்தில் இருக்கிறது. அல்லது எழுத்துப் பிழை. ':ஸ்கிரிப்ட்நேம்ஸ்' என்று தட்டினால் விம் வாசித்த கோப்புகள் எல்லாம் வரும். அதில் டேக்பார் இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பட்டியல் வந்ததும் ':ஹெல்ப்டேக்ஸ் ஆல்' தட்டிவிடுங்கள், 'ஆல்' முழுதும் பெரிய எழுத்தில். டேக்பாரின் உதவிப் பக்கங்களை இணையம் இல்லாமலே வாசிக்கலாம்.

6. பக்கம் திறக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது

மூன்று காரணம்தான் நான் கண்டிருக்கிறேன். கோப்புக்கு '.பை' போன்ற பின்னொட்டு இல்லாததால் அது என்ன மொழி என்று விம்முக்குத் தெரியவில்லை. ':செட் ஃபைல்டைப்?' என்று கேள்விக்குறியோடு தட்டினால் தெரியும். இரண்டாவது, விம்ஆர்சியில் 'ஃபைல்டைப் பிளகின் ஒன்' என்ற வரி இல்லை. மூன்றாவது, இன்னும் பெயர் வைத்துச் சேமிக்காத புதிய கோப்பு.

சீடேக்ஸ் கிடைக்கவில்லை அல்லது பொருந்தவில்லை என்று செய்தி வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மற்ற சீடேக்ஸையும் வைத்திருக்க வேண்டிய தேவை இருந்தால், எதை எடுக்க வேண்டும் என்று டேக்பாருக்கு விம்ஆர்சியில் நேரடியாகச் சொல்லலாம்:

லெட் ஜி:டேக்பார்_சீடேக்ஸ்_பின் = 'சீடேக்ஸ்-யுனிவர்சல்'

7. கைக்கு ஏற்றபடி அமைப்பது

என்மேப் <எஃப்8> :டேக்பார்டாகிள்<சிஆர்>
லெட் ஜி:டேக்பார்_சோர்ட் = 0
லெட் ஜி:டேக்பார்_விட்த் = 30
செட் அப்டேட்டைம்=500

எஃப்8 ஒரு தட்டில் திறக்கும், மறு தட்டில் மூடும். பல மடிக்கணனிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் எஃப்8 வேலை செய்யும். பிளகின் பழுது என்று நினைக்குமுன் அதைப் பாருங்கள்.

டேக்பார் வழக்கமாகப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும். பூச்சியம் போட்டால் கோப்பில் உள்ள வரிசையிலேயே காட்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் நல்லது. எழுதிய வரிசை மனதில் இருக்கும், பட்டியலும் அதோடு ஒத்துப்போகும். அகலம் வழக்கமாக 40 எழுத்து. நம்மிடம் இருக்கும் சிறிய திரைகளுக்கு 30 போதும். கடைசி வரி, கர்சர் நிற்கும் ஃபங்ஷனைப் பட்டியலில் அரை நொடியில் நிறமிட்டுக் காட்டுவதற்கு. விம்மின் வழக்கமான இடைவெளி நாலு நொடி. அதற்குள் பொறுமை போய்விடும்.

பட்டியலுக்குள் என்டர் தட்டினால் அந்த இடத்துக்குப் போவீர்கள். பி ('பைதன்' என்பதன் முதல் எழுத்து) தட்டினால் கோப்பு அங்கே நகரும், நீங்கள் பட்டியலிலேயே இருப்பீர்கள். பிறர் எழுதிய நிரலை மேலோட்டமாகப் பார்க்க பி-தான் வசதி. எக்ஸ் பட்டியலை விரிக்கும், கியூ மூடும். மிச்ச விசைகளுக்கு எஃப்1.

8. அட்டவணையைப் புதிதாக வைத்திருப்பது

டேக்பார் தன் பட்டியலைத் தானே புதுப்பிக்கும். டேக்ஸ் கோப்பை நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். சிறிய புரொஜெக்டுக்கு ':!சீடேக்ஸ் -ஆர் .' என்று விம்முக்குள்ளிருந்தே தட்டினால் போதும். ஆனால் தலைக் கோப்புறையிலிருந்து விம்மைத் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்கோப்புறையில் இன்னொரு டேக்ஸ் முளைக்கும். அடுத்த தடவை அதுதான் முதலில் பிடிபடும்.

ஒவ்வொரு சேமிப்புக்கும் தானாக ஓடும்படி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணனியில் நான் அதைச் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு சேமிப்புக்கும் எடிட்டர் இழுபடும். கிட் பயன்படுத்தினால் கொமிட் செய்யும்போது மட்டும் ஓடச் செய்யுங்கள். '.கிட்/ஹுக்ஸ்' கோப்புறையில் 'போஸ்ட்-கொமிட்' என்ற பெயரில் ஒரு கோப்பு. முதல் வரி '#!/பின்/எஸ்எச்', இரண்டாவது வரி சீடேக்ஸ் கட்டளை. அதற்கு 'சிஎச்மொட் +எக்ஸ்' கொடுக்க மறந்தால் அது ஓடாது, பழைய அட்டவணையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

'.கிட்இக்னோர்' கோப்பில் 'டேக்ஸ்' என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு பேர் ஒரே புரொஜெக்டில் வேலை செய்தால், இது இல்லாமல் ஒவ்வொரு கொமிட்டிலும் அந்தக் கோப்பு முட்டிக்கொள்ளும்.

9. இன்னொரு கணனிக்குக் கொண்டுபோவது

'.விம்' கோப்புறை, '.விம்ஆர்சி' கோப்பு இரண்டையும் பென்டிரைவில் எடுத்துப் போனால் டேக்பார் அமைப்பு முழுவதும் கூடவே போகும். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் கோப்பு மேலாளரில் மறைந்திருக்கும். கன்ட்ரோலோடு எச் தட்டினால் தெரியும். சீடேக்ஸை மட்டும் அங்கே தனியாக நிறுவ வேண்டும்.

நாலாம் படியில் கடைசியில் புள்ளி வைத்து ஓட்டியிருந்தால் டேக்ஸ் கோப்புக்குள் உள்ள பாதைகள் புரொஜெக்டை ஒட்டியே இருக்கும். கோப்புறையை எங்கே வைத்தாலும் பாயும். புள்ளிக்குப் பதிலாக '/ஹோம்' என்று தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்திருந்தால், மற்றக் கணனியில் பயனர் பெயர் வேறாக இருக்கும், அந்தப் பாதையில் கோப்பு இராது. அப்போது தலைக் கோப்புறையில் நின்று, புள்ளி வைத்து மறுபடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பென்டிரைவில் போய் வந்த ஹுக் கோப்பு ஓடும் அனுமதியை இழந்திருக்கும். அதற்கும் 'சிஎச்மொட்' மறுபடி கொடுங்கள்.